தட்டு பிடிக்க ஒரு கை

தென்காசி,
தாது வருடம் வைகாசி 27

அன்புள்ள அத்தானுக்கு, இராமலட்சுமி வணங்கி எழுதுவது. இங்கே அத்தை சுகம், குழந்தை பேராச்சி சுகம், நானும் இருக்கிறேன். புதுச்சேரியில் தாங்களும் தாங்கள் குடியிருக்கும் மாடிக்கு வாடகை வாங்கும் பிரெஞ்சு மதாமும் சுகம்தான் என்பது தங்கள் கடிதத்திலிருந்தே தெரிந்தது.

அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பேராச்சியைப் பற்றி ஒரு வரி. அத்தையின் மூட்டுவலிக்கு ஒரு வரி. மதாம் வீட்டு உருளைக்கிழங்குக்கு ஒரு பக்கம் முழுவதும்! கிழங்கை வெற்றிலை கனத்துக்குச் சீவி, வட்ட வட்டமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு வெண்ணெய் ஊற்றி, மூடிமேல் கங்கு போட்டு, சத்தம் அடங்கினதும் தட்டில் கவிழ்த்தால் பொன்னாட்டம் வருமாம். அதற்கு அன்னா என்று பெயராம், பிரான்சு தேசத்தில் எவளோ ஒரு அழகியின் பெயராம். நல்லது. நான் பதினோரு வருஷமாக இந்த வீட்டில் சிறுகிழங்கும் சேனையும் அவித்துப் போடுகிறேன். எந்தக் கிழங்குக்கும் யாரும் இராமலட்சுமி என்று பெயர் வைக்கவில்லை.

கடைசியில் இரண்டே வரி. வலது மணிக்கட்டில் சின்னக் கொப்புளம், அதனால் எழுத்து கோணல் என்று ஒன்று. மில் ஆபீசில் வேலை அதிகம், இந்தச் சாரல் காலத்துக்கு ஊருக்கு வர முடியாது என்று இன்னொன்று.

எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன செய்ய? அந்தப் பொம்பளை செய்ததை நானும் செய்தே தீருவது என்று உட்கார்ந்தேன். சந்தையில் கிடைத்த கிழங்கெல்லாம் முளைவிட்டிருந்தது. குற்றாலத்துக்குத் துரைமார் வரத் தொடங்கிவிட்டதால் அங்கே நீலகிரிக் கிழங்கு வந்திருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் மூக்கம்மாளை அனுப்பி வாங்கி வரச் செய்தேன். நம் வீட்டு வழக்கப்படி சீவினதை மூன்று தண்ணீர் விட்டு அலசி, துணியில் ஒற்றி, தாங்கள் எழுதியபடியே அடுக்கினேன். கவிழ்த்தேன். பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தது. மறுநாள் ஐந்து தண்ணீர் விட்டு அலசினேன், இன்னும் மோசம். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இதுக்குப் பொரியலே வச்சிருக்கலாமே, எதுக்கு இந்தக் கூத்து?” என்று கேட்டார்கள். எதற்கு என்று அவர்களிடம் நான் எப்படிச் சொல்ல?

குற்றாலத்தில் ஒரு துரை பங்களாவில் சமையல் பார்க்கும் அருமைநாயகம் வாரம் ஒருமுறை நம் வீட்டுக்கு வெண்ணெய் வாங்க வருவார். வெள்ளிக்கிழமை வந்தவரிடம் கேட்டே விட்டேன். ஒரு சிநேகிதி எழுதிக் கேட்டாள் என்று பொய் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “கழுவுனாளாம்மா அவ? சீவுன பெறகு தண்ணியே காட்டப்பிடாது. கிழங்குல உள்ள பசைதான ஒண்ணோட ஒண்ண ஒட்டவைக்குது. அதக் கழுவி ஊத்திட்டா எப்படி நிக்கும்?” என்றார். போகும்போது திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னார். “கவுத்துததுக்கு ரெண்டாளு வேணும்னு எழுதுங்கம்மா. நான் சட்டியப் பிடிப்பேன், எம் பொண்டாட்டி தட்டப் பிடிப்பா. ஒருத்தர் கண்ண ஒருத்தர் பாத்துக்கிட்டே கவுத்தணும். இல்லன்னா யாராச்சும் ஒருத்தர் கையி வெந்துரும்.”

அவர் போன பிறகு வெண்ணெய்ப் பானையைக்கூட மூடாமல் அப்படியே நின்றேன்.

நேற்று மூன்றாம் தடவை. இனி இந்தக் கூத்தை அடுக்களையில் விடமாட்டேன் என்று அத்தை சொன்னதால் புறவாசல் அடுப்பில் வைத்தேன். கழுவாமல் அடுப்பில் ஏற்ற எனக்கே கை கூசியது. பேராச்சி பார்த்துவிட்டு, “ஆச்சி, அம்மா கழுவாமப் போடுதா!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். அவளுடைய வாயை அடைத்துவிட்டு அடுக்கினேன். சத்தம் அடங்கியது. மூக்கம்மாளைத் தட்டுப் பிடிக்கச் சொல்லிக் கவிழ்த்தேன். அவள் கண் தட்டிலும் இல்லை, என் மேலும் இல்லை, வேலியில் நின்ற ஆட்டின்மேல் இருந்தது. வெண்ணெய் வழிந்து அவள் கையில் பட்டது. “ஐயோ, வெந்துபோச்சே தாயி!” என்று அலறினாள். ஆனாலும் தட்டை விடவில்லை. மகராசி, அவளுக்கு நல்ல சேலையாக ஒன்று எடுத்துத் தர வேண்டும்.

கிழங்கு முழு வட்டமாக, தாங்கள் எழுதியது போலவே பொன்னிறமாக வந்தது. பேராச்சி இரண்டு துண்டு தின்றாள். அத்தைகூட இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அத்தான். நன்றாக இல்லாமல் போயிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

பிறகு மூக்கம்மாள் கையில் சோற்றுக்கற்றாழை தடவும்போதுதான் பார்த்தேன். கொப்புளம் வலது மணிக்கட்டில்.

தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, மனதில் பட்டதை எழுதிவிடுகிறேன். தாங்கள் எழுதிய செய்முறையில் அடுக்குவது இருந்தது, கங்கு இருந்தது, சத்தம் அடங்குவது இருந்தது. கழுவக்கூடாது என்பது மட்டும் இல்லை. கிழங்கு நறுக்கும் நேரத்தில் தாங்கள் அங்கே இல்லை போலும். அதற்குப் பிறகு இருந்திருக்கிறீர்கள். மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குச் சட்டியின் சத்தம் எப்படிக் கேட்கும்? தண்ணீர் வேண்டுமென்றாலும் நிலைப்படிக்கு வெளியே நின்று கூப்பிடுகிற தாங்கள், இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது நம் அடுக்களைக்குள் வந்ததுண்டா? பேராச்சி பிறந்த அன்றுகூட வெந்நீரை வாசலில் நின்றுதான் வாங்கிக்கொண்டீர்கள்.

அங்கே சட்டியைப் பிடித்தது யார், தட்டைப் பிடித்தது யார் என்று நான் கேட்கவில்லை. கண்ணைப் பார்த்தீர்களா என்றும் கேட்கவில்லை. பார்த்திருந்தால் கை வெந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவே ஒரு ஆறுதல். தாங்களும் அதைப்பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். எழுதினால் நான் அதையும் நான்கு தடவை படிப்பேன்.

இங்கே ஒரு வாரமாக மேல்காற்று வீசுகிறது. மலை முழுவதும் மேகம். ஐந்தருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது என்று அருமைநாயகம் சொன்னார். பேராச்சி, அப்பா வந்தால்தான் அருவிக்கு வருவேன் என்று எண்ணெய் தேய்க்க மறுக்கிறாள். கிழங்கு ஒரு கூடை எடுத்து வைத்திருக்கிறேன். வெண்ணெய்க்குக் குறைவில்லை. தங்களை அடுக்களைக்குள் விடுவதற்கு அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மூக்கம்மாள் கை ஆறப் பத்து நாள் ஆகும். அதற்குள் ஆனி பிறந்துவிடும். முருகன் திருமலைக்குமாரசாமி தங்கள் கையையும் ஆற்றி, நல்லபடியாக ரயிலேற்றி வைக்கட்டும். தட்டைப் பிடிக்க இங்கே ஆளில்லை. வந்துவிடுங்கள் அத்தான்.

இப்படிக்கு,
சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்
இராமலட்சுமி