பந்தய உடையில் நான் பிடித்துத் தைத்த ஒரு அங்குலம்

என் தங்கப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைக் கண்டால் வருகிறது, சாப்பாட்டு மேசையைக் கண்டால் போய்விடுகிறது. அண்ணனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தப் பெருமையில் வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்துவதில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். காலையில் போனில் "கடிதம் வரும், படிக்கிற வரைக்கும் அந்தப் பந்தய உடையைத் தொடாதே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன், கோபப்பட்டிருப்பாய். மேலே பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன், நீ சமாதானம் சொல்லியிருப்பாய், விஷயம் அப்படியே அமுங்கிப் போயிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

லீவுக்கு வந்தபோது கார் பந்தயத்துக்கென்று வாங்கிய அந்த நெருப்புத் தாங்கும் உடையைப் போட்டுக் காட்டினாய் அல்லவா. நேர் ரோட்டில் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற பந்தயத்துக்கு இத்தனை சட்டதிட்டமா என்று அப்பா கேலி செய்தார். லைசென்ஸுக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும், கண்ணைக் கட்டிவிட்டு எந்த ஸ்விட்ச் எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்வார்கள், முதலில் பாதித் தூரம் ஓட்டிக் காட்டிய பிறகுதான் முழுத் தூரம், ஹெல்மெட்டுக்கும் பெல்ட்டுக்கும் தேதி பார்ப்பார்கள் என்று நீ விரல் விட்டு எண்ணினாய். என் காதில் எதுவும் ஏறவில்லை, உன் இடுப்பில் தொளதொளவென்று நின்ற துணியிலேயே என் கண் இருந்தது. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் தைக்கிறவள் பெண் சாக்குப்பை மாதிரி உடுத்துவதா என்று, நீ தோழியைப் பார்க்கப் போன மதியம் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் பிடித்துத் தைத்து, மிச்சத் துணியை வெட்டி எடுத்தேன். கழுத்தில் லேபிள் உரசினால் உனக்குச் சின்ன வயதிலிருந்தே தடித்துவிடும், அதையும் பிரித்து எடுத்தேன். நீ மறுபடி போட்டுப் பார்த்து, "உன் சாப்பாட்டுல குண்டாயிட்டேம்மா, இப்ப சரியா பிடிக்குது" என்றாய். நான் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு பந்தய மைதானத்துப் பரிசோதகர், உடையின் கழுத்தில் தரச்சான்று லேபிள் இல்லை, காரில் ஏறவே விட மாட்டேன் என்று திருப்பி அனுப்பியதாக நீ அழுதாய். கடைக்காரர் போலி உடையைத் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டினாய், நானும் கூடச் சேர்ந்து அந்த மனுஷனைத் திட்டினேன். உண்மையைச் சொல்கிறேன் கண்ணு, எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. இந்தப் பந்தயம் உன்னை விட்டுத் தொலைந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். போன வாரம் நீ, கடைக்காரர் புது லேபிள் அனுப்புகிறார், தைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றபோதும், சரி, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

நேற்று தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்கிற ஒருவர் சட்டைக்குப் பட்டன் வைக்க வந்தார். என் பெண்ணுக்கு நெருப்பு உடையையே அளவெடுத்த மாதிரி ஆக்கினேன் என்று பெருமை அடித்துக்கொண்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "என்ன நூல் போட்டீங்க?" என்றார். எப்போதும் போடுகிற நூல்தான் என்றேன். "துணி தாங்கும்மா, அந்த நூல் தாங்காது. தொளதொளன்னு இருக்கறதும் சும்மா இல்ல, உள்ள காத்து நின்னாத்தான் சூடு தோலுக்கு வராது" என்றார். நம்ப மனசு வரவில்லை. வெட்டிய துண்டுகளைத் தேடி எடுத்து, இரண்டை அதே நூலால் சேர்த்துத் தைத்து, இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். துணி கறுத்ததே தவிரப் பற்றவில்லை. நான் மூன்று எண்ணுவதற்குள் நூல் உருகி, ஒரு துண்டு கழன்று அடுப்பில் விழுந்தது. அது உன் இடுப்பு என்று நினைத்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, "அவ ஓட்டக் கூடாதுன்னு வேணும்னே செஞ்சியா?" என்று கேட்டார். இல்லை. தைத்தது ஆசையில் செய்தது. மறைத்ததுதான் வேண்டுமென்றே செய்தது.

அதனால் புது லேபிள் வந்தாலும் அந்த உடையில் தைக்காதே. லேபிளைப் பார்த்துப் பரிசோதகர் உன்னை விட்டுவிடுவார், உள்ளே இருக்கும் என் நூல் அவர் கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரரைக் கூப்பிட்டு, தப்பு எங்கள் அம்மாவுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேள், வேண்டுமானால் என் நம்பரைக் கொடு, நானே பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போய்விடும், பத்து மாதமாக அந்த நாளுக்காக நீ காத்திருந்தது தெரியும். என்னைத் திட்டு, ஒரு வாரம் பேசாமல் இரு, தாங்கிக்கொள்கிறேன். வேறு உடை வாங்கி அப்படியே போட்டுக்கொள், ஊசி பிடித்தவர்கள் யாரிடமும் கொடுக்காதே. நீ ஓட்டுவது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் உன்னைத் தடுப்பதாக இருந்தால் உன் முகத்துக்கு நேராகச் சொல்லித் தடுப்பேன், இப்படி இல்லை.

எந்த வண்டியில் ஏறினாலும் முழுசாக இறங்கி வா, அதுதான் அம்மாவின் ஆசீர்வாதம். அப்பாவும் அண்ணனும் அன்பு சொல்லச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்த உடையை அலமாரியில் வைத்திருந்தால் என்றைக்காவது ஒரு தோழி இரவல் கேட்பாள், அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள். இன்றைக்கே கத்திரியை எடுத்து, என் தையல் ஓடுகிற இடத்திலேயே வெட்டி இரண்டாக்கிவிடு. நான் தைத்ததை வெட்டு என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா