சத்தத்தைச் சமமாக்கிய பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் அண்ணா வந்திருந்தார். ஒரு துணிக்கடைப் பையை என் மேசைமேல் வைத்துவிட்டு, நின்றபடியே பேசினார்.

"அவளோட அலமாரியைக் காலி பண்ணினோம். இது உனக்குள்ளதுன்னு பேர் எழுதி ஒட்டியிருக்கா, கேட்டியா. சாயா ஒண்ணும் வேண்டாம், பஸ் போயிடும்."

பைக்குள் நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய ஹெட்ஃபோன் இருந்தது. காது மெத்தை உரிந்து கறுப்புச் செதிலாக என் விரலில் ஒட்டியது. காதில் மாட்டியதும் உன் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. நீ போய் நான்கு மாதமாகிறது. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. பையின் அடியில் ஒரு பென்டிரைவும் கிடந்தது. அன்றைக்கு அதைத் தொடவில்லை.

என் அலமாரியின் இரண்டு கதவுகளையும் திறந்து, தொங்கும் புடவைகளுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு நீ பாடுவாய். துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தோம். எதிரே கொச்சங்காடிக் கிடங்கில் சுமை இறக்குகிறவர்கள் சாப்பிடப் போய், தெருச் சத்தம் அடங்கும் அந்த ஒரு மணி நேரம்தான் நமக்கு. அதற்குள் இரண்டு தடவை பாட முடிந்தால் அதிர்ஷ்டம். பாட்டும் நீ எழுதியதுதான்: தமிழ்ப் பாட்டு, மலையாள எழுத்தில். "தமிழ் வாயில வரும்டீ, கையில வராது" என்பாய். நீ தும்மினால் என் நாப்தலீன் உருண்டைகளைத் திட்டுவாய்.

பாடுவது உன் வேலை, மாஸ்டரிங் என் வேலை என்று பிரித்துக்கொண்டோம். பாடி, இசையோடு கலந்து முடித்த பாட்டை, ஆட்டோ ஸ்பீக்கரிலும் கல்யாண மண்டபத்திலும் ஒழுங்காகக் கேட்கும்படி கடைசியாகச் செதுக்குகிற வேலை அது. அதற்கென்று கணினியில் சேர்த்துக்கொள்ளும் பிளகின்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். எதைப் போட்டாலும் பாட்டு ஜம்மென்று ஆனது போலிருக்கும். ஓடிவந்து உன்னிடம் போட்டுக் காட்டுவேன். ஒருநாள் நீதான் கண்டுபிடித்தாய்.

"நீ போட்டது எதுவும் பாட்டை நன்னாக்கலை. சத்தத்தைக் கூட்டியிருக்கு, அவ்வளவுதான். சத்தம் கூடினா எதுவும் நன்னாத்தான் தோணும். ரெண்டையும் சமமாக்கிட்டு அப்புறம் கேளு."

அன்றிலிருந்து அது நமக்குச் சட்டமாயிற்று. நீ சுவரைப் பார்த்து உட்காருவாய். பழையதும் புதியதுமாக, ஒரே சத்தத்தில், நான் மாற்றி மாற்றிப் போடுவேன். நல்லது எது என்று தோன்றும்போது நீ கையைத் தூக்குவாய். நான் மூன்று நாள் பாடுபட்டுச் செய்ததற்கு உன் கை அசையவே அசையாது. எரிச்சலாக இருக்கும். ஆனாலும் நியாயம் என்று ஒத்துக்கொண்டு மறுபடி உட்காருவேன். அந்த ஒரு பாட்டைப் பதினோரு தடவை செய்தேன். பதினோராவதற்கு நீ கையைத் தூக்கி, இறக்காமலே திரும்பிச் சிரித்தாய்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் கோயில் மண்டபத்தில் நடந்த பாட்டு வெளியீட்டுக்கு வந்தேன், மூன்றாவது வரிசையில், புதுப் புடவையில். நீ மைக்கைப் பிடித்துச் சொன்னாய்: "வீட்டுல செஞ்சது அத்தனை சரியாகலை. அதனால காக்கநாட்டு ஸ்டுடியோல கொடுத்து சரி பண்ணி வாங்கினேன்." எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு பாட்டு ஒலித்தது. உண்மையிலேயே அது என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினாய். "சங்கடப்படாதே. உன் காது இன்னும் பழகணும்."

என்னிடம் ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கொடுத்தாய், ஊரைக் கூட்டிச் சொன்னாய். அடுத்த நாளே எல்லா பிளகின்களையும் அழித்தேன். இரண்டு வருஷம் நான் பாட்டே கேட்கவில்லை. காதில் குறை உள்ளவள் எதைக் கேட்டு என்ன? உன் வீட்டைத் தாண்டிப் போகாமல் இருக்க, மீன் வாங்கக்கூடச் சுற்றுவழியில் போனேன். நீயும் ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை.

உடம்பு முடியாமல் நீ ஆஸ்பத்திரியில் படுத்தபிறகுதான் வந்தேன். மெலிந்திருந்தாய். அந்த ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லை என்று ஒரு மணி நேரம் பேசினாய். அறையில் வேறு யாரும் இல்லை. நானும் பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, நோயாளியிடம் எதற்கு என்று.

பென்டிரைவை நேற்றுதான் செருகினேன். மூன்று கோப்புகள் இருந்தன. ஒன்று என் பதினோராவது. இன்னொன்று ஸ்டுடியோவிலிருந்து வந்தது. மூன்றாவதற்கு மலையாளத்தில் 'சமம்' என்று பெயர் வைத்திருந்தாய். அதைத் திறந்தால் நாலு நிமிஷமும் வெறும் மௌனம். நடுவில் இரண்டே இடத்தில் ஒரு சின்னக் கரகரப்பு. கெட்டுப்போன கோப்பு என்று நினைத்தேன்.

முதல் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஸ்டுடியோவினுடையது மறுபடியும் என்னைத் தோற்கடித்தது. அப்போதுதான் கவனித்தேன், அது நான்கு டெசிபல் கூடுதல் சத்தத்தில் இருந்தது. மண்டபத்தில் நான் அதை யோசிக்கவே இல்லை. உன் சட்டப்படி அதைக் குறைத்துச் சமமாக்கிக் கண்ணை மூடிக் கேட்டேன். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஓடவிட வேண்டும். ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒன்றையொன்று அழித்துவிடும், வித்தியாசம் மட்டும் மிஞ்சும். ஓடவிட்டேன். மௌனம். நீ உச்சத்துக்குப் போகும் இரண்டு இடங்களில் மட்டும் ஒரு சின்னக் கரகரப்பு. உன் 'சமம்' கோப்பில் கேட்ட அதே கரகரப்பு, அதே இடங்களில்.

காக்கநாட்டுக்காரர் என் வேலையை எடுத்துச் சத்தத்தை மட்டும் கூட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கூட்டியதில் உன் குரல் இரண்டு இடத்தில் கிழிந்ததுதான் மிச்சம். இந்தச் சோதனையை எனக்கு முன்பே நீ செய்திருக்கிறாய். கோப்பில் தேதி இருக்கிறது: வெளியீடு முடிந்து எட்டாவது நாள்.

என் காதில் குறையில்லை என்று எனக்குத் தெரிய இரண்டு வருஷத்துக்கு மேலாயிற்று. உனக்கு எட்டே நாள் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை சாயங்காலம் உன் வீட்டு வாசலில் நின்றிருப்பாய், எத்தனை தடவை கையில் போன் இருந்திருக்கும்! ஆஸ்பத்திரியில் முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது. அதைக் கஞ்சிக்குக் கொடுத்தாய். உன் பாட்டைக் கேட்கிறவர்கள் இன்றும் 'காக்கநாட்டு வேலை, அதுதான் இந்தச் சுத்தம்' என்கிறார்கள். நீ செத்த பிறகு உன் அண்ணா கையில் கொடுத்தனுப்பிய மன்னிப்பை நான் எங்கே வைத்துக்கொள்ள?

மன்னிக்கவில்லை. இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாமல் செய்துவிட்டாயே, அதற்காகவும் மன்னிக்கவில்லை.

இன்று காலை பிளகின்களைத் திரும்ப இறக்கினேன். முதல் வேலையாக இரண்டு ஒலிகளின் சத்தத்தைச் சமமாக்கினேன். என்னை அறியாமல் கை அதைத்தான் முதலில் செய்கிறது, அது நீ பழக்கிய கை. பிறகு நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி, உன் எண்ணெய் வாசனையைக் காதில் மாட்டிக்கொண்டு, என் பதினோராவதைப் போட்டேன். பாட்டு முடிந்ததும் என் கையை நானே தூக்கினேன்.