படித்துறையில் மடித்து வைத்த துண்டு

மதினி,

பீரோவைத் திறந்தால் அந்தத் துண்டுதான் முதலில் கண்ணில் படுகிறது. பச்சைக் கரை போட்ட ஈரிழைத் துண்டு. ஓரத்தில் கரிசல் மண் கறை இருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை. கறை வந்த கதை உங்களுக்குத் தெரியாது. துண்டு வந்த கதை தெரியும்.

இது பகவதி வீட்டுத் துண்டு. நாம் மூன்று பேரும் ஒரே காம்பவுண்டில் சுவருக்குச் சுவர் இருந்தவர்கள். பகவதி வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் அவள் அவருடைய சொந்த ஊரான கல்லிடைக்குறிச்சிக்குப் போய்விட்டாள். "புழக்கடையைத் திறந்தா ஆறு. ஒரு வாரம் வந்து இருங்க" என்று லாரியில் சாமான் ஏற்றும்போதுகூடச் சொன்னாள். குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நமக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் போகவில்லை. எதற்கு, எத்தனை நாள், சமையலுக்கு யார் என்று என் வீட்டில் கேள்வி வரும். கேள்வி இல்லாமல் என்னால் வாசல் தாண்ட முடிந்தது கல்யாணத்துக்கும் சாவு விசாரிக்கிற துட்டிக்கும்தான். பகவதியின் வீட்டுக்காரர் இறந்த பிறகு, துட்டி கேட்கத்தான் போனோம்.

காரில் ஏறும்போது நான் அழுத முகத்தோடுதான் ஏறினேன். சாட்சிக்கு நீங்கள் இருந்தீர்கள். ஊர் எல்லை தாண்டியதும் டிரைவரிடம், "தம்பி, கடம்பூர் சுத்திப் போனா ரொம்ப நேரம் ஆகுமோ?" என்று கேட்டீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

"மதினி, துட்டிக்குப் போறோம். போளி வாங்கவா?"

"துட்டி வீட்டுல கை நனைக்க மாட்டோம்லா. பசிச்ச வயித்தோட போயி ஒழுங்கா அழ முடியுமா? பேசாம வாட்டி."

சூடு ஆறாத போளியை மடியில் வைத்துத் தின்றோம். இரண்டு பக்கமும் உளுந்து பூத்துக் கிடந்தது. எதைச் சொன்னாலும் சிரிப்பு வந்தது. என் மாமியார் நடக்கிற மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே நடந்து காட்டினீர்கள். கயத்தாறு வந்தபோது டிரைவரும் சிரித்துக்கொண்டிருந்தார். சேரன்மகாதேவி தாண்டி வயலும் வாழையும் தொடங்கியதும் நீங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டு இவியளுக்கு என்ன கவலைங்கேன்" என்றீர்கள். பகவதிக்கு என்ன கவலை என்பது அப்போதுதான் இருவருக்கும் நினைவுக்கு வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டோம்.

அவள் வீட்டில் நாம் பொய்யாக அழவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நெற்றியில் ஒன்றும் இல்லாமல் அவள் சுவரோடு சாய்ந்திருந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டோம். உங்கள் தோளிலும் என் தோளிலும் மாறி மாறி முகத்தை வைத்தாள். "அவிய இருக்கும்போது வந்திருக்கலாம்லா" என்று மட்டும் சொன்னாள். வருஷம் திரும்பும்வரை அவள் வாசலைத் தாண்டக் கூடாது என்று அந்த வீட்டில் கட்டு. துட்டி வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாதாகையால், சொல்லாமலே எழுந்தோம்.

துட்டி கேட்டால் குளித்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். நம் ஊரில் அதற்கு ஒரு வாளித் தண்ணீர், அதுவும் யோசித்து. நீங்கள் பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன். மாற்றுச் சேலை இரண்டு, சோப்பு, மஞ்சள், சீயக்காய் எல்லாம் எடுத்து வைத்திருந்தீர்கள். துண்டை மட்டும் மறந்துவிட்டீர்கள். "துண்டு எடுக்கலயே" என்று வாசலில் நின்று உங்கள் காதில் கேட்டது நான்தான். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஆற்றில் என்ன நடந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இடுப்பளவு தண்ணீர், அடியில் மணல் தெரிந்தது. ஒரு முங்கு போட்டு எழுந்திருந்தால் சடங்கு முடிந்தது. நாம் எழுந்திருக்கவில்லை. நீங்கள் வாயில் தண்ணீரை வைத்து என் முகத்தில் துப்பினீர்கள். நான் உங்கள் கொண்டையைப் பிடித்து அமுக்கினேன். பேரப்பிள்ளை எடுத்த இரண்டு பொம்பளைகள் போட்ட சத்தத்தில் எதிர்க்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். என் ஆயுசில் அவ்வளவு சிரித்ததில்லை மதினி. அதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

நீங்கள் தண்ணீருக்குள் முங்கியிருந்த நேரத்தில் நான் திரும்பினேன். மேல்படியில் இரண்டு துண்டுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. புழக்கடைச் சந்தில் முக்காடு போட்ட ஒரு முதுகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தாண்டக் கூடாத வாசலைத் தாண்டி நமக்குத் துண்டு கொண்டுவந்திருக்கிறாள்.

நீங்கள் மேலே வந்ததும் சொன்னேன். கொண்டையை அவிழ்த்துப் பிழிந்தீர்கள். பிறகு, "பாத்தா பாத்துட்டுப் போறா. அவளயும் ஒரு முங்கு போடச் சொல்லியிருக்கணும், விடமாட்டாவ" என்றீர்கள். அந்தத் துண்டால் துடைத்துக்கொள்ளவும் செய்தீர்கள். நான் ஈரத்தோடுதான் சேலை மாற்றினேன். திருப்பிக் கொடுக்கப் போக முகமில்லாமல், என் பங்குத் துண்டை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பும்போது மிச்சமிருந்த போளியை நீட்டினீர்கள். நான் கை நீட்டவில்லை.

அதன் பிறகு பகவதியோடு நான் பேசவே இல்லை. நீங்கள் வாரம் தவறாமல் பேசினீர்கள். போனை என் பக்கம் நீட்டினால், அடுப்பில் பால் இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு ஓடுவேன். "அவ ஒன்னத்தான் கேக்கா" என்பீர்கள். "என்ன சொன்னா?" என்று கேட்டால், "அத நீயே போட்டுக் கேளு" என்பீர்கள். உங்களுக்கு வெட்கம் கிடையாது என்று உள்ளுக்குள் கோபப்பட்டிருக்கிறேன். எனக்கு வெட்கம் இருக்கிறது என்பதில் ஒரு பெருமையும் இருந்ததோ என்னவோ.

நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன வாய் மூடுவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அந்த வாரம் முழுக்க மழை. பகவதி பஸ்ஸில் தனியாக வந்தாள். பின்பக்கத்துக் காலி மனை வழியாக நடந்து வந்ததில் கரிசல் மண் முழங்கால்வரை அப்பியிருந்தது. உங்கள் படத்தின் முன்னால் அழுதுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து முற்றத்துக் குழாயடிக்குப் போனாள். குழாயில் காற்றுதான் வந்தது.

வேறு வழியில்லாமல் நான் முன்னால் போய் நின்றேன். "எங்க வீட்டுல தண்ணி இருக்கு" என்றேன். அவ்வளவு நாளைக்குப் பிறகு அவளிடம் நான் சொன்ன முதல் பேச்சு அது.

டிரம்மில் பிடித்து வைத்ததை மோந்து காலில் ஊற்றினேன். "போதும்ட்டி, குடிக்க வேணும்லா" என்றாள். துடைக்க ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று பீரோவைத் திறந்தவள், பதற்றத்தில் இதையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் கரையைத் தடவிப் பார்த்தாள்.

"பகவதி, அன்னைக்கு ஆத்துல..."

"பாத்தேன்" என்றாள். "கோவம் வந்துச்சு. அழுதேன். வருசம் திரும்புனதும் மொத வேலையா அதே படியிலதான் இறங்குனேன். நீங்க போட்ட மாதிரி நானும் தனியாக் கிடந்து முங்கி முங்கி எந்திரிச்சேன். மதினிகிட்ட போன்ல சொன்னேனே. ஒனக்குச் சொல்லலயா?"

நீங்கள் சொல்லவில்லை. அதை அவள் வாயால் நான் கேட்க வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறீர்கள்.

காலைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "நீங்க சிரிச்சது ஆறிப்போச்சு. நீ ஒரு போன் போடல பாத்தியா, அதுதான் ஆறல." துண்டை மடித்து வாசல்படியில் வைத்தாள். துட்டிக்கு வந்தவள் சொல்லிக்கொள்ள மாட்டாள். கோபத்தில் சொல்லாமல் போனாளா, முறைக்காகச் சொல்லாமல் போனாளா என்று தெரியாமல் அந்த முதுகை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிரித்ததற்காக இத்தனை நாள் வெட்கப்பட்டேன். உண்மையில் வெட்கப்பட வேண்டியது எதற்கு என்பது இப்போதுதான் தெரிகிறது. அவள் தனியாக இருந்த காலம் முழுக்க, என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. இது சோப்புக்குப் போகிற கறை இல்லை.

நேற்று அவளுக்குப் போன் போட்டேன். "வா" என்றாள், அவ்வளவுதான். நாளைக்கு அதே டிரைவரை வரச் சொல்லியிருக்கிறேன். பையில் மாற்றுச் சேலை இரண்டு இருக்கிறது, அவளுக்கும் எனக்கும். துண்டும் இருக்கிறது. கடம்பூர் சுற்றித்தான் போகிறேன்.

"அங்கன யாருக்கு என்ன?" என்று நீங்கள் தம்பி என்று கூப்பிட்ட என் வீட்டுக்காரர் கேட்டார்கள்.

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. சும்மாதான் போறேன்" என்றேன். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை. இவ்வளவுதானா மதினி, இதைச் சொல்லவா எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

துட்டி இல்லாத வீடு. எழுந்திருக்கும்போது பகவதியிடம், போயிட்டு வாரேன் என்று வாய்விட்டுச் சொல்லலாம். உங்களிடம்தான் சொல்லிக்கொள்ள முடியவில்லை.