மங்களத்தின் குரலுக்கு சார்ஜ் ஏறவில்லை

1 அக்டோபர் 2025, புதன்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலேயே என் வீட்டு ஆயுத பூஜைதான் பெரிது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரைஸ் குக்கர், கத்தரிக்கோல், என் டூல் பாக்ஸ், மகள் வர்ஷாவின் லேப்டாப், எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுநாயகமாக என் மனைவி மங்களத்தின் டேப்லெட்.

பக்கவாதம் வந்து பேச்சு நின்றதிலிருந்து அவள் இதில்தான் பேசுகிறாள். இடது கை விரலால் ஒரு படத்தைத் தொடுவாள். உள்ளிருந்து யாரோ ஒரு பெண், செய்தி வாசிப்பதுபோல, "தண்ணீர் வேண்டும்", "ஜன்னலைத் திறங்கள்" என்று சொல்வாள். நான் கட்டிக்கொண்டு வந்த குரல் இல்லை. இருந்தாலும் இப்போது அதுதானே அவள் குரல். அதனால் சந்தனம் தாராளமாக. முதுகில் ஒரு பொட்டு. வயர் செருகும் ஓட்டையிலும் ஒன்று. அது சாப்பிடுகிற வாய் அல்லவா, அதை விட்டுவிட்டு வேறு எங்கே வைப்பது?

2 அக்டோபர்

சார்ஜ் ஏறவில்லை. வயரைச் செருகினால் திரையில் ஒரு நீர்த்துளி வருகிறது. டேப்லெட் அழுகிறது போல.

3 அக்டோபர்

அணைந்தே போய்விட்டது.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஒரு கப்பலையே ஓட வைத்தவன் நான். இன்ஜினியர் குனிந்து வேலை பார்த்தார், டார்ச் பிடித்தது நான். வெளிச்சம் இல்லாமல் எந்தக் கப்பல் ஓடும்? அப்படிப்பட்டவனுக்கு இது என்ன.

வயரை மாற்றினேன். ப்ளக்கை மாற்றினேன். கூடத்துச் சுவர் சரியில்லை என்று படுக்கையறைச் சுவருக்குக் கொண்டுபோனேன். பட்டனை விரல் வெளுக்கும்வரை அழுத்தினேன். கடைசியில் அரிசி டின்னுக்குள் புதைத்தேன்.

சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலை முடித்து வந்த வர்ஷா டின்னைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, தண்ணில விழுந்த ஃபோனத்தான் இப்படி வைப்பாங்க. இது எங்க விழுந்துச்சு?"

"மின்னல் அடிச்சிருக்கு."

"மழையே இல்லையேப்பா."

"தூரத்து மின்னல்."

"கடைக்குக் கொண்டுபோங்க லா."

"நான் இருக்கும்போது கடையா?"

மங்களம் போர்வையின்மேல் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். படங்கள் இருக்கும் வரிசையிலேயே. போர்வை ஒன்றும் சொல்லவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

காலையில் அவளுக்கு என்னவோ வேண்டியிருந்தது. தண்ணீரா, இல்லை. ஃபேனா, இல்லை. பாத்ரூமா — முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாளில் படம் வரைந்து காட்டினேன். நான் வரைந்த தலையணை அவளுக்குப் படகாகத் தெரிந்திருக்கும். வர்ஷாவின் ஃபோனில் அந்தப் படங்கள் கிடையாது. ஒவ்வொன்றாக ஏற்றிக் கொடுத்தது பேச்சுப் பயிற்சி தரும் சுபாங்கி, அவர் லீவில் இருக்கிறார்.

"என்ன வேணும்னு சொல்லேன்" என்று கேட்டுட்டேன். சொல்லேன்னா எப்படிச் சொல்லுவா? புத்தி இருக்கா எனக்கு? அவ கண்ணுல தண்ணி. அதுக்கப்புறம் எதுவுமே கேக்கல. சாப்பாடுகூடக் கேக்கல.

மத்தியானம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. எம்ஆர்டி ரயில் மேகத்துக்குள் மெதுவாகப் போகிறது. ஜன்னலுக்கு ஒரு படம்: தம்ளர், தலையணை, சூரியன். ஒரு ஜன்னலில் மங்களம் பேசிக்கொண்டே இருக்கிறாள், அவள் சொந்தக் குரலில். கண்ணாடிக்கு வெளியே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் கூடவே மிதந்துகொண்டு போகிறேன். எந்த ஸ்டேஷனிலும் கதவு திறக்கவில்லை.

6 அக்டோபர்

சரி, நாளைக்குத் தேக்காவில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போகிறோம். கடைக்காரருக்கு நாலு விஷயம் சொல்லிக் கொடுத்ததாகவும் இருக்கும்.

7 அக்டோபர், செவ்வாய்

தேக்காவில் தீபாவளி விளக்குகள் தெருவுக்குமேல் கட்டியாகிவிட்டது. வீல்சேரில் மங்களம் அண்ணாந்து பார்த்தபடியே வந்தாள். மல்லிகைக் கடைகளைத் தாண்டி ரிப்பேர் கடை. உள்ளே இர்ஃபான் என்ற பையன் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஓட்டைக்குள் பார்த்தான்.

"அங்கிள், உள்ளுக்கு மஞ்சளா என்னமோ அடைச்சிருக்கு. என்ன இது?"

"மின்னல் பட்டு உலோகம் உருகியிருக்குப்பா. அது அப்படித்தான் மஞ்சளாயிடும்."

அவன் மோந்து பார்த்தான். "உருகின உலோகம் இவ்வளவு வாசனையாவா இருக்கும்?"

"நல்ல கம்பெனி உலோகம்."

"சந்…னம்."

நான் டேப்லெட்டைத்தான் பார்த்தேன். அது அணைந்தேதான் கிடந்தது.

மங்களம் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். உதடு ஒரு பக்கம் கோணியது. "சந்தனம்" என்றாள் மறுபடியும். செய்தி வாசிக்கிற பெண் இல்லை. இவள்தான்.

"ஆன்ட்டியே சொல்லிட்டாங்க. சார்ஜ் போர்ட்ல போய் யாராச்சும் சந்தனம் வைப்பாங்களா அங்கிள்?" இர்ஃபான் சிரித்துக்கொண்டே ஸ்பிரிட்டும் சின்ன பிரஷ்ஷும் எடுத்தான். அவனுக்கு என்ன தெரியும். கடையில் ஏசி அதிகம், கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

கொஞ்ச நேரத்தில் திரையில் பச்சைக் கோடு ஏறியது. அதை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

13 அக்டோபர்

சுபாங்கி லீவு முடிந்து வந்தார். "கோவத்துல, சிரிப்புல சில நேரம் தானா ஒரு வார்த்தை வரும் அங்கிள். திரும்ப வரும்னு உறுதியாச் சொல்ல முடியாது. நீங்க பேசிக்கிட்டே இருங்க."

பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். இந்த சிங்கப்பூரில் அதற்கு என்னைவிட்டால் யார்?

19 அக்டோபர், ஞாயிறு

சாயங்காலம் கீழே காப்பிக் கடை. பேரின்பநாயகம் வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் லேசில் நம்பமாட்டார். மங்களத்தின் மடியில் டேப்லெட், முழு சார்ஜோடு.

தஞ்சோங் பகாரிலிருந்து இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுவரை நான் நீந்திப் போனதைச் சொன்னேன். பாதி வழியில் ஒரு சுறா துணைக்கு வந்ததையும் சொன்னேன்.

"சுறா உங்களோட என்ன கதைச்சது?" என்று கேட்டார்.

"கிட்டத்துல கரை இருக்கு, பயப்படாதன்னு சொல்லுச்சு."

ஓரக்கண்ணால் மங்களத்தைப் பார்த்தேன். அவள் விரல் திரைக்குமேல் போய் நின்றது. தொடவில்லை. வாய் திறந்தது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மேலே பாலத்தில் ஒரு ரயில், ஜன்னல் ஜன்னலாக வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போய் முடிந்தது.

"நீச்ச… தெரியாது."

இரண்டு வார்த்தை. பேரின்பநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நாளைக்கு சாங்கியில் நான் விமானம் இறக்கியதைச் சொல்ல வேண்டும்.