தாமதப் பதிவேட்டில் முட்டைக்கோஸ்

செப்டம்பர் 4, திங்கள்

என் எழுத்து கோணலாக இருக்கும். ஒன்று மேலே ஏறும், அடுத்தது பள்ளத்தில் இறங்கும். மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன்? நோட்டும் என்னுடையது, கையும் என்னுடையது. அறுபத்தேழு வயதில் எழுதப் பழகிய கை. "தினமும் நாலு வரி எழுதுங்க பெரியவரே, யாருக்கும் காட்ட வேணாம்" என்றார் மாலை வகுப்பு டீச்சர். இவ்வளவு எழுத முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

பெண்கள் பள்ளியின் வாசலில் எனக்குப் பதினாலு வருடக் காவல். இந்த வருடம் விளையாட்டு டீச்சர் தலைமைப் பயிற்சி என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். பிள்ளைகளே குழு போட்டு, பிள்ளைகளே விதி எழுதி, பள்ளித் தலைவியைத் தேர்ந்தெடுப்பார்களாம். டீச்சர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாராம். இது எங்கே போய் முடியும்?

இன்று குழுவின் தலைவி தன் தோழிகளோடு வந்தாள். எப்போதும் இரட்டை ரிப்பன் கட்டியிருப்பாள். நான் ரிப்பன் என்றே கூப்பிடுவேன்.

"தாத்தா, லேட்டா வர்றவங்க நோட்டைக் குடுங்க. பத்து நாளுக்கு மேல லேட்டா வந்தவங்க தலைவிக்கு நிக்க முடியாது."

"டீச்சர் கேட்டாங்களா?"

"நாங்கதானே குழு!"

ஒருத்தியை ஒருத்தி பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். நோட்டைக் கொடுத்து அனுப்பினேன்.

செப்டம்பர் 6, புதன்

பதிவேடு திரும்பி வந்தது. மூன்றாம் பீரியடில் வாசல் காலி. திறந்து படித்தேன். வாழ்க்கையில் முதல் முறை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளணும். தாமதமாக வருகிற பிள்ளையின் பெயரை எழுத வேண்டியவன் நான். எனக்கோ எழுதத் தெரியாது. "உன் கையாலயே எழுது, அப்பத்தான் உறைக்கும்" என்று பேனாவை நீட்டிவிடுவேன். பெரிய கண்டிப்புக்காரன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

முதல் பக்கத்தில்: முட்டைக்கோஸ், ஒன்பதாம் வகுப்பு. இந்தக் காலத்தில் எப்படியெல்லாமோ பெயர் வைக்கிறார்களே என்று தாண்டிப் போனேன். அதன் கீழே: ஈரத்துண்டு. அதன் கீழே: நிலாவின் மாமியார். அப்புறம், 'மீசை, வாசல்'. அது நான். என் வாசலுக்கு நானே ஒன்பது நாள் தாமதமாக வந்திருக்கிறேன்!

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பத்திக்கொண்டு வந்தது. பதினாலு வருஷமா இந்தக் கூத்துதான் நடந்துச்சா? என் மூஞ்சிக்கு நேராவே எழுதிட்டு, "வணக்கம் தாத்தா"ன்னு சிரிச்சிட்டுப் போனாளுங்களே!

செப்டம்பர் 8, வெள்ளி

அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுதும் படித்தேன். போட்டியிட நாலு பேர். முதல் பெயர் ரிப்பனுடையது, தாமதம் பூஜ்யம். நீக்கப்பட்டவள் ஒருத்தி, முப்பத்தொரு நாள் தாமதம். இஸ்திரிக் கடைக்காரம்மாவின் மகள்.

ரிப்பனுக்குப் பூஜ்யமா? எழுத்துதான் இப்போது படிக்கிறேன். முகம் எப்போதோ படித்தவன் நான். எத்தனை நாள் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன்!

இஸ்திரிப் பெண் காலையில் வீடு வீடாகத் துணி கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். போன வருடம் குழாய் உடைந்தபோது இருநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரு சொட்டு சிந்தாமல் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். தலைவிப் பேச்சை ஒரு மாதமாக என் காவல் கூண்டுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்துப் பழகினாள். இன்று அந்தத் தாளைப் பார்த்த பிறகு கூண்டுப் பக்கம் வரவே இல்லை.

வேறு யாராவது அவள் பெயரை எழுதி மாட்டிவிட்டார்களோ? பக்கம் பக்கமாகப் பார்த்தேன். முப்பத்தொன்றும் ஒரே கை. அவளே எழுதியது. இவள் அப்பாவியா, அழுத்தக்காரியா? அதுவும் புரியவில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

அவளையே கேட்டுவிட்டேன். "எல்லாரும் கண்டதை எழுதியிருக்காங்க. நீ மட்டும் ஏம்மா உன் பேரை எழுதின?"

"லேட்டா வந்தது நான்தானே தாத்தா. வேற யார் பேரை எழுதுறது?"

"எனக்குப் படிக்கத் தெரியாம இருந்துச்சே, அது உனக்குத் தெரியுமா?"

தரையைப் பார்த்தாள். "நோட்டைத் தலைகீழா நீட்டுவீங்களே தாத்தா. எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும்! தலைமையாசிரியை அம்மாவுக்குமா? வேலைக்குச் சேரும்போது ஐந்தாவது படித்தவன் என்று சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. உண்மையைச் சொன்னால் அந்தப் பொய்யும் வெளியே வரும்.

மகளிடம் சொன்னேன். "படிக்கத் தெரிஞ்சதிலேருந்து உங்களுக்கு ஊர்ல எல்லார் மேலயும் சந்தேகம்பா" என்றாள்.

செப்டம்பர் 12, செவ்வாய்

சொல்லவில்லை. மூன்று முறை அலுவலக வாசல் வரை போய்த் திரும்பினேன்.

செப்டம்பர் 13, புதன்

சொல்லிவிட்டேன். பதிவேட்டை மேஜையில் திறந்து வைத்தேன். தலைமையாசிரியை அம்மா வெகுநேரம் படித்தார். நிலாவின் மாமியாரிடம் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் முகம் மாறியது.

"அஞ்சாவதுன்னு விண்ணப்பத்துல இருக்கே?"

"அதை எழுதினது என் மச்சான்ங்கம்மா."

"இப்போ?"

"இப்ப நானே எழுதுவேன்."

அம்மா ஒரு தாளை எடுத்து வேகமாக ஏதோ எழுதினார். எட்டிப் பார்க்கத் துணிவில்லை. எனக்குச் சீட்டுக் கிழிக்கிறார் என்றே நினைத்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்

உறை வந்தது. பிரித்தேன். மெமோ! தவறான தகவல் தந்ததற்கு எச்சரிக்கை, இனி பதிவேட்டைக் காவலரே எழுத வேண்டும். வேலை போகவில்லை. என் பெயருக்கு வந்து, நானே படித்த முதல் கடிதம் ஒரு மெமோ. இரண்டு முறை படித்தேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மதியம் விளையாட்டு டீச்சர் அதே பதிவேட்டைக் குழுவின் நடுவில் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரே சத்தம். "எல்லாரும்தான் எழுதினோம்!" "நீதான் முதல்ல ஆரம்பிச்ச!" இரண்டு பீரியட் கழித்து முப்பது பேருக்கு மேல் என் வாசலில் வரிசையாக நின்றார்கள். பொய்ப் பெயருக்குப் பக்கத்தில் உண்மைப் பெயரை எழுத வேண்டுமாம். தீர்மானம்.

"முட்டைக்கோஸ் நான்தான் தாத்தா" என்றாள் ரிப்பன். பதினாறு இடத்தில் எழுதினாள்.

போட்டியிட்ட நாலு பேருமே பத்தைத் தாண்டிவிட்டார்கள். விதியை அடித்துவிட்டு ஐந்து பேரும் நிற்கலாம் என்று முடிவானது. இதில் என்ன உள்குத்தோ!

செப்டம்பர் 15, வெள்ளி

எண்ணுகிற இடத்தில் கண் வைக்கணும் என்று மைதானத்து ஓரமாக நின்றேன். ரிப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்களே பிரிச்சுப் படிங்க தாத்தா. நாங்க எண்ணினா நம்ப மாட்டீங்க."

முந்நூற்றுச் சொச்சம் சீட்டுகள். உரக்கப் படித்தேன். சில இடத்தில் நின்று நின்றுதான் வந்தது. வெயில் ஏறியது, நாலைந்து பேர் கொட்டாவி விட்டார்கள், எவளும் எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. இஸ்திரிப் பெண் பதினோரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாள். கடைசிச் சீட்டை வாங்கி ரிப்பன் தானும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். அவளும் என்னை நம்பவில்லை போலிருக்கிறது. சரிதான்.

செப்டம்பர் 18, திங்கள்

புதுத் தலைவி இன்று பன்னிரண்டு நிமிடம் தாமதம். சட்டையில் தலைவி பட்டை, கையில் இன்னும் கஞ்சி வாசனை. பழக்கத்தில் பேனாவுக்குக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. அவள் முழுப் பெயரையும் நானே எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'இஸ்திரி' என்றும்.

"தாத்தா, நீங்க எழுதுறதுலயே நாலு நிமிஷம் போச்சு. சீக்கிரம், அசெம்பிளி நான்தான் நடத்தணும்!"

"அந்த நாலையும் சேர்க்கவா?"

ஓடிவிட்டாள். கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

இனி வாசலில் நாள் முழுக்க எழுத்து வேலை, வீட்டுக்கு வந்தால் விரல் மடங்குவதில்லை. இந்த நோட்டுக்கு வாரம் ஒரு நாள்தான். வருகிற திங்கள் உட்கார்ந்துவிடுவேன்.