தம்பியின் செல்கள்

மார்ச் 3
தம்பியின் கையில் கிள்ளி எடுத்த தோல், லேபில் தட்டில் பிடித்து வளர ஆரம்பித்துவிட்டது. "என் தோலை உரிச்சே பேர் வாங்கப் போறே" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கத்தினான். காது போனதிலிருந்து அவன் பேச்சே கத்தல்தான். நான் சொல்வதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான்.

செல்லுக்குச் சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா. அதற்கான புரதங்கள் வெளியே உருவாகி, ஒரு வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். இவனுக்குப் பிறவியிலேயே அந்த வாசலில் கோளாறு. புரதம் வெளியே தேங்கினால் செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும். நரம்புச் செல்கள்தான் முதலில். இவனுக்காகத்தான் இந்தத் துறைக்கே வந்தேன். வந்து என்ன கிழித்தேன்?

ஏப்ரல் 2
செல்களின் அந்தத் தற்கொலையைத் தடுக்கும் மருந்து வேலை செய்கிறது. தட்டில் எவ்வளவு வதைத்தும் அவன் செல்கள் சாகவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்ப எனக்கும் ஒரு பாட்டில் ஊத்து" என்றான். வார்டே திரும்பிப் பார்த்தது.

ஏப்ரல் 9
அவசரப்பட்டுவிட்டேன். வாசல் அடைத்தபடியேதான் இருக்கிறது. செல்கள் சாகவில்லை, அவ்வளவுதான். சக்தி இல்லாமல் ஊதிப்போய்ச் சும்மா கிடக்கின்றன.

ஏப்ரல் 11
சொன்னேன். முடிப்பதற்குள் புரிந்துகொண்டான். "மூச்சு நின்னா என்னையும் அப்படி மெஷின்ல போட்டு வைக்காதக்கா. சத்தியமா?"
தலையாட்டினேன். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "என்னால முடியாதுடா" என்றேன்.

ஏப்ரல் 27
மூச்சுத் திணறல். நினைவில்லை. வென்டிலேட்டர் வைக்கட்டுமா என்று டாக்டர் கேட்டார்.
"மூச்சு இருந்தா போதும்டி, நான் பாத்துக்கறேன்" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
வேண்டாம் என்றேன். அவன்தான் கேட்டான் என்றேன். அம்மா நம்பவில்லை.

ஏப்ரல் 28
போயிட்டான்.

மே 6
அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். ஏன்டா என்கிட்ட மட்டும் சொன்னே? அம்மாகிட்டயும் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா —

மே 20
அவன் செல்கள் லேபில் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன்? காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

லேபில், மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை அம்மா வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு நான் தட்டை இன்குபேட்டருக்குள் வைத்து, சூடு உடம்புச் சூட்டில் நிற்கிறதா என்று பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை மட்டும் மெஷின்ல வச்சிருக்கியே" என்றாள்.