அன்ன விளக்கு கிடைத்தது

ஆவணி, வெள்ளி இரவு.

கோயில் அன்ன விளக்கைக் கண்டுபிடித்துவிட்டேன். அது திருடு போகவே இல்லை, மியூசியத்தில் இருக்கிறது. விளக்கைக் காணோம் என்றானபோது, கோயில் சாவி வைத்திருந்தார் என்பதற்காக அப்பாவைத் திருடன் என்றார்கள். சாகும்வரை அவர் அந்தக் கோயில் பக்கமே போகவில்லை.

கோயில் கமிட்டித் தலைவர் பொன்னுசாமி மாமா அப்போதே மியூசியத்தின் இணையப் பட்டியலில் எருத்தேன்பதி என்று ஒரு தடவை தேடிவிட்டு, "அங்கயும் இல்லீங்க" என்று ஊருக்கே சொன்னவர். ஆங்கிலத்தில் நம் ஊர்ப்பெயரை ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் ஊர்ப்பெயரை விட்டுவிட்டேன். விளக்கு, வெண்கலம், சித்தூர் தாலூக்கா என்று மட்டும் கொடுத்து, வந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அன்னத்தின் கழுத்தில் பற்றவைத்த தழும்பு தெரிந்தது. நம்முடையதேதான். கொடுத்தவர், கோயில் கமிட்டி. கொடுத்த வருஷம், அப்பா கைக்குச் சாவி வருவதற்கும் முன்னால்.

சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போய் போனில் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"எங்கப்பாரு தலைவரா இருந்தப்பக் குடுத்தாங்களாட்ட இருக்குது. உடு கண்ணு. பழசக் கிண்டி என்ன பண்ண?"

"எங்கப்பா இருந்தப்ப நீங்க பழசுன்னு உடலீங்களே மாமா."

மாமா எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை. அப்பா திருடவில்லை என்று கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

பார்க்கலாமாம். வந்ததும் படத்தையும் விவரத்தையும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.